மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்: உரக்கப் படிக்க யாருடைய ஓவியப் பதிப்பு?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஆறு பேர் கூடி ஷேக்ஸ்பியரை உரக்கப் படிக்கிறோம். திருச்சியில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில். பாத்திரங்களைப் பிரித்துக்கொள்வோம், ஆள் போதாதபோது ஒருவரே இரண்டு மூன்று குரலில் படிப்பார். அடுத்து எடுத்திருப்பது 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்'. எங்களிடம் இருப்பவை எல்லாம் கல்லூரிக் காலத்துப் பாடப்பதிப்புகள், பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு. நிலா, காடு, தேவதைகள், கழுதைத் தலையோடு ஒரு நெசவாளி என்று கண்ணால் பார்க்க வேண்டிய நாடகத்தை இப்படிப் படிப்பது சப்பென்று இருந்தது. பழைய ஓவியப் பதிப்பு ஒன்று நடுவில் இருக்கட்டும் என்று முடிவானது. பொதுப் பணத்தில் ஒன்றுக்குத்தான் இடம். எது என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

இரண்டு மாதம் இதிலேயே கிடந்தேன். இந்த நாடகத்துக்குப் படம் போட்டவர்கள் ஏராளம். கடைசியில் மூன்று பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட்டேன்: ஜான் கில்பர்ட் (1858–60), ஆர்தர் ராக்கம் (1908), வில்லியம் ஹீத் ராபின்சன் (1914). மூவரும் ஆங்கிலேயர்கள், மூவரும் லண்டனில் அச்சான புத்தகங்களுக்கு வரைந்தவர்கள். ஆனால் மூன்று புத்தகங்களும் மூன்று வேறு அச்சு முறைகளில் பிறந்தவை. ஓவியரின் கைத்திறனைவிட அந்த அச்சு முறைதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. அதனால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கில்பர்ட்டிலிருந்து தொடங்கலாம். ஹோவர்ட் ஸ்டான்டன் பதிப்பித்த ஷேக்ஸ்பியர் தொகுப்பு ரௌட்லெட்ஜ் வெளியீடாகப் பகுதி பகுதியாக வந்தது. (சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். போட்டிகளில் இன்றும் வைக்கப்படும் ஸ்டான்டன் காய்கள் இவர் பெயரில் வந்தவைதான். அவர் காலத்தின் பெரிய ஆட்டக்காரர், ஷேக்ஸ்பியர் ஆய்வாளரும்கூட.) அதற்குக் கில்பர்ட் வரைந்த படங்கள் 800-க்கும் மேல். டால்சியல் சகோதரர்களின் பட்டறை அவற்றை மரத்தில் செதுக்கியது. பாக்ஸ்வுட் என்ற கடினமான மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்கி எடுப்பார்கள். அந்த மரக்கட்டையின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்றாக இருக்கும். எழுத்துக் கோக்கும்போதே படத்தையும் சேர்த்துப் பூட்டி ஒரே தடவையில் அடித்துவிடலாம். ஆகவே கில்பர்ட்டின் படம் வசனத்துக்கு நடுவிலேயே வந்து உட்காரும். ஒருவர் வாளை உருவுகிறேன் என்கிறார், கீழே பார்த்தால் உருவிக்கொண்டிருக்கிறார்.

தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு புதிதல்ல. கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது மணியம் வரைந்த படம் அந்த வார அத்தியாயத்தோடுதான் வீட்டுக்கு வந்தது. படமும் கதையும் ஒரே மூச்சில் கண்ணில் பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்குப் பத்திரிகை படித்தே ஊறிப்போனது.

அப்படியானால் கில்பர்ட்டையே எடுத்திருக்கலாமே? வரலாற்று நாடகங்கள் என்றால் யோசிக்காமல் எடுத்திருப்பேன். கவசம், குதிரை, கூட்டம், கொடி எல்லாம் அவர் கையில் திமிறிக்கொண்டு வருகின்றன. அந்த நாடகங்களில் வரும் குண்டுக் கோமாளி வீரன் ஃபால்ஸ்டாஃப் என்றால் இன்னும் உற்சாகம். ஆனால் இந்த நாடகத்தில் அவர் காட்டும் காடு மேடைத் திரையில் எழுதிய காடு மாதிரி இருக்கிறது. மனிதர்கள் முன்னால் நிற்கிறார்கள், மரங்கள் பின்னால் ஒதுங்கி நிற்கின்றன. பயமும் இல்லை, மயக்கமும் இல்லை. ஆறு பேரில் ஒருவருக்கும் மனம் ஒட்டவில்லை.

அடுத்து ராக்கம். இங்கே கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் என் மனசு இன்னும் இங்கேதான் நிற்கிறது.

1908-இல் ஹைன்மன் வெளியிட்ட பதிப்பு அது. 40 வண்ணப் படங்கள், பக்கங்களுக்குள்ளே 30-க்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள். ஓவியர் கையெழுத்திட்ட 1,000 பிரதிகள் கொண்ட சிறப்புப் பதிப்பும் தனியாக வந்தது. படத்தை நுண்ணிய புள்ளிகளாக உடைத்து அச்சடிக்கும் மூன்று வண்ண ஹாஃப்டோன் முறை அப்போதுதான் நம்பகமாகக் கைக்கு வந்திருந்தது. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று பிளாக் (அச்சுத் தகடு) எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பது. புள்ளிகள் கலங்காமல் விழ வழுவழுப்பான ஆர்ட் பேப்பர் வேண்டும். நாடகத்தின் எழுத்தோ சொரசொரப்பான புத்தகத் தாளில். எனவே படங்களைத் தனியே அச்சடித்து, கெட்டித் தாளில் விளிம்பில் மட்டும் பசை தடவி ஒட்டி, மேலே ஒரு மெல்லிய தாளைப் போர்த்தினார்கள். கிறிஸ்துமஸுக்குப் பரிசளிக்கும் புத்தகங்களின் பொற்காலம் அது. 1905-இல் 'ரிப் வான் விங்கிள்', 1906-இல் 'பீட்டர் பான் இன் கென்சிங்டன் கார்டன்ஸ்' என்று ராக்கம் அந்தச் சந்தையின் நட்சத்திரம் ஆகியிருந்தார்.

மூன்று பிளாக்குகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் படம் மங்கிவிடும், அச்சகத்தில் சொல்வது போல 'ரிஜிஸ்டர்' போய்விடும். ராக்கம் முதலில் மையால் கோடு போட்டு, அதன்மேல் நீர்வண்ணத்தைப் பல தடவை மெல்லியதாகப் பூசுவார். கோடு வடிவத்தைத் தாங்கிப் பிடிப்பதால் வண்ணம் சற்று விலகினாலும் கண்ணுக்கு உறுத்தாது. அவருடைய நிறமும் இந்த அச்சுக்கு ஏற்றது: டிகாஷன் பழுப்பு, சாம்பல், பழைய தோலின் மஞ்சள். நடுவே எங்கேயாவது ஒரு துளி சிவப்பு.

இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், தூங்கப் போகும் முன் தேவதைகளின் ராணி டைட்டானியா தன் தேவதைகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பாள். சிலர் ரோஜா மொட்டிலுள்ள புழுவைக் கொல்லுங்கள். சிலர் வௌவால்களோடு சண்டை போட்டு அவற்றின் தோல் சிறகுகளைக் கொண்டுவாருங்கள், என் குட்டித் தேவதைகளுக்குச் சட்டை தைக்க வேண்டும். படிக்கும்போது ஒரு வரியில் ஓடிப்போகிற விஷயம். ராக்கம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுப் படமே வரைந்திருக்கிறார். வௌவாலும் தேவதையும் ஏறக்குறைய ஒரே அளவில் மல்லுக்கு நிற்பதைப் பார்த்த பிறகுதான் அந்த வரியில் எவ்வளவு மூர்க்கம் இருக்கிறது என்று உறைத்தது.

இந்த நாடகத்துக்குப் படம் போடுகிறவர் ஒரு சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். தேவதைகளின் உயரம் என்ன? தேவதைகளின் ராஜா ஓபரானும் டைட்டானியாவும் சண்டை போட்டால் குட்டித் தேவதைகள் பயந்து ஓக் மரக் கொட்டையின் கிண்ணத்துக்குள் ஒளிந்துகொள்ளும் என்கிறான் ஓபரானின் குறும்புக்கார ஏவலாள் பக். அப்படியென்றால் விரல்நுனி அளவு. ஆனால் டைட்டானியா, கழுதைத் தலை முளைத்த நெசவாளி பாட்டத்தைக் கட்டித் தழுவுகிறாள், அவள் மனுஷி அளவில் இருந்தே ஆக வேண்டும். மேடையில் யாரும் கேட்க மாட்டார்கள், நடிகர்கள் எல்லாருமே மனித அளவுதான். காகிதத்தில் அது தப்பிக்க முடியாத கேள்வி. ராக்கம் கொஞ்சமும் கூச்சப்படாமல் எல்லா அளவையும் ஒரே காட்டில் விட்டார். டைட்டானியா முழு வளர்ந்த பெண். அவளைச் சுற்றி விரலளவு ஆட்கள், வேருக்கு மூக்கும் முழங்காலும் முளைத்தது போன்ற குள்ளர்கள். மரம் எங்கே முடிகிறது, உயிர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விடை யாரும் சொல்லவில்லை.

பின்னாளில் நியூயார்க் பொது நூலகத்துக்காக அதே நாடகத்துக்கு இன்னொரு முறையும் வரைந்தார். ஒரு மனிதர் இருபது வருடம் கழித்தும் திரும்பிப் போன காடு அது.

சரி, பின் ஏன் ராக்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை?

சோதித்துப் பார்த்தோம். மூன்றாம் அங்கம், முதல் காட்சி. கழுதைத் தலையோடு பாட்டம் வருகிறான், நண்பர்கள் அலறி ஓடுகிறார்கள், தைரியத்துக்காக அவன் பாட, டைட்டானியா விழித்துக்கொண்டு எந்தத் தேவதூதன் என்னை எழுப்புகிறான் என்று கேட்கிறாள். எல்லாம் சில நிமிடங்களுக்குள். இந்தக் காட்சியை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு ஓவியரின் பக்கங்களை டேப்லெட்டில் வைத்துக்கொண்டு படித்தோம். ராக்கம் வந்த சுற்றில் வாசிப்பே நின்றுபோனது. பாட்டம் வாசிக்க வேண்டியவர் படத்தைப் பெரிதாக்கி வேர்களுக்கு இடையே முகம் தேடிக்கொண்டிருந்தார். அடுத்தவர் எட்டிப் பார்த்தார். அப்புறம் எல்லாரும். "படம் வந்ததும் வசனம் போயிடுச்சுப்பா" என்றார் வீட்டுக்காரர். அவர் குறையாகச் சொல்லவில்லை, அவரும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வண்ணப் படம் தனித்தாள் என்பதால் அதற்குரிய வசனத்துக்கு எதிரிலேயே அமையும் என்ற உறுதி கிடையாது. மறுபதிப்புகளில் இது இன்னும் மோசமாகிறது. சில வருடங்களுக்கு முன் இணையத்தில் மலிவாக ஒரு ராக்கம் மறுபதிப்பு வாங்கினேன். ஆர்டர் வந்தபின் ஒவ்வொன்றாக அச்சடித்து அனுப்பும் வகை. வண்ணப் படங்கள் எல்லாம் கடைசியில் கொத்தாக, அதுவும் கறுப்பு வெள்ளையில். படத்தின் கீழே இருக்க வேண்டிய வரியும் இல்லை. டிகாஷன் நிறமெல்லாம் கரியாகிப்போனதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. காரணம் எளியது. ஹாஃப்டோன் படம் ஏற்கெனவே புள்ளிகளால் ஆனது. அதை ஸ்கேன் செய்து மறுபடி புள்ளிகளாக உடைத்து அச்சடித்தால் இரண்டு புள்ளிவலைகளும் மோதி, பட்டுத்துணியில் தெரிவது போல அலையலையாகக் கோடு விழும். அதைச் சரிசெய்யப் படத்தை மழுக்கினால் ராக்கத்தின் மெல்லிய மைக்கோடு போய்விடும். கவனமாகச் செய்த மறுபதிப்புகளும் வருகின்றன. ஆனால் கையில் எடுத்துப் புரட்டாமல் வாங்கக் கூடாது.

இனி ஹீத் ராபின்சன். ஆங்கிலேயர்களுக்கு இவர் பெயர் ஒரு பெயரடையாகவே ஆகிவிட்டது. கயிறும் கப்பியும் வைத்து, அவித்த முட்டையை உரிக்க ஐந்து பேர் இயக்கும் இயந்திரம் போன்ற ஏதாவது இருந்தால் அதை 'ஹீத் ராபின்சன்' என்பார்கள். அந்த நகைச்சுவைப் படங்கள் பெற்ற புகழ் அவருடைய ஷேக்ஸ்பியரை மறைத்துவிட்டது, அது எனக்குப் பெரிய வருத்தம். 1914-இல் கான்ஸ்டபிள் வெளியிட்ட இந்தப் புத்தகத்தில் வண்ணப் படங்கள் 12 மட்டுமே. மீதி எல்லாம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள், பல முழுப் பக்கத்துக்கு. அந்த ஆகஸ்டில் உலகப்போர் தொடங்கியது. ஆடம்பரப் பரிசுப் புத்தகங்களின் காலமும் அதோடு சுருங்கிவிட்டது.

அந்தக் கறுப்பு வெள்ளையில்தான் எல்லாம் இருக்கிறது. ராத்திரி என்றால் பக்கத்தில் பெரும்பகுதி திட்டமாகக் கறுப்பு. நிலா விழும் இடம் அச்சே படாத வெறும் தாள். ராக்கத்தின் மரங்கள் நம்மை நோக்கிக் கை நீட்டும், ராபின்சனின் மரங்கள் நம்மைக் கண்டுகொள்ளாமல் உயரமாக நிற்கும். அடியில் சிறிய உருவங்கள். வழி தவறிய காதலர்கள் நால்வரும் அந்தக் காட்டில் உண்மையாகவே தொலைந்துபோனவர்களாகத் தெரிகிறார்கள். நாடகத்தின் நடுப்பகுதிக்கு வேண்டியது அதுதான். லைசாண்டர் யாரைத் துரத்துகிறான், டெமட்ரியஸ் யாரை, ஹெலனா ஏன் கோபிக்கிறாள் என்று குழம்பும்போது, பெரிய இருட்டில் சின்ன ஆட்கள் என்று ஒரு பார்வையில் புரிந்துவிடுகிறது. காட்டில் நாடக ஒத்திகை பார்க்க வந்த பாட்டமும் அவன் கூட்டாளிகளும் வரும் இடங்களில் ராபின்சனின் பரிவு தெரிகிறது. அந்தத் தொழிலாளிகளைப் பார்த்து அவர் சிரிப்பதில்லை. அவர்களோடு சேர்ந்து நாடக ஒத்திகையைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

இவை லைன் பிளாக்கில் அடித்தவை. கோடு உண்டு அல்லது இல்லை, இடையில் சாம்பல் நிறமே கிடையாது. எனவே எழுத்து அச்சாகும் அதே தாளில் இவையும் அச்சாகலாம், புத்தகத்தை விட்டுத் தனியே ஒட்ட வேண்டியதில்லை. இன்று எங்களைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு லாபம். நல்ல துல்லியத்தில் ஸ்கேன் செய்த லைன் படத்தைத் தெருமுனை ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்டரில் அடித்தால்கூட, 1914-இல் லண்டன் வாசகர் பார்த்ததற்கு வெகு அருகில் வந்துவிடலாம். ராக்கத்தின் வண்ணப் படத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சோதனையில் ராபின்சன் சுற்றுதான் தடங்கலில்லாமல் போனது. பக்கம் திரும்பியதும் எல்லார் கண்ணும் ஒருமுறை படத்துக்குப் போனது, உடனே வரிக்குத் திரும்பியது. டைட்டானியா விழிக்கும் இடத்தில் வாசித்த பெண்ணின் குரல் தணிந்து போனதை நான் கவனித்தேன். எதிர்ப்பக்கத்து இருட்டு செய்த வேலை என்றே நினைக்கிறேன்.

வாங்கும் வழிகளைப் பற்றிச் சுருக்கமாக. மூல முதற்பதிப்புகள் எங்கள் பணத்துக்கு எட்டாதவை. வாங்க முடிகிறவர்கள், விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: படப் பட்டியலில் உள்ள அத்தனை வண்ணப் படங்களும் உள்ளே இருக்கின்றனவா? விளிம்பில் மட்டும் ஒட்டியவை என்பதால் உரித்தெடுத்துச் சட்டம் போட்டு விற்றுவிடுவது பழைய புத்தக வியாபாரத்தில் நெடுநாளாக நடப்பது. நம் ஊர் ஈரத்தில் அந்தத் தாள்கள் பழுப்புப் புள்ளி விடும், ராமபாணப் பூச்சியும் தேடி வரும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உரிமைப் பிரச்சினை எதுவும் இல்லை. இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்த பின் 60 ஆண்டு காப்புரிமை. கில்பர்ட் 1897-இலும் ராக்கம் 1939-இலும் ராபின்சன் 1944-இலும் காலமானார்கள். மூவரும் எப்போதோ பொதுச் சொத்து. கில்பர்ட் உட்பட விக்டோரியா காலத்து ஷேக்ஸ்பியர் படங்கள் 3,000-க்கும் மேல் 'விக்டோரியன் இல்லஸ்ட்ரேட்டட் ஷேக்ஸ்பியர் ஆர்க்கைவ்' என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

எங்கள் குழுவில் கவிதைக்காரர் ஒருவர் இருக்கிறார். இதே கணக்கைப் பாரசீகக் கவி ஒமர் கய்யாமின் நாலு வரிப் பாடல் தொகுப்பான ருபாயத்துக்கும் போட்டுச் சொல்லுங்கள் என்றார். ஃபிட்ஸ்ஜெரால்ட் மொழிபெயர்த்த ஆங்கில வடிவம் 1859-இல் வந்தது, அதில் 75 பாடல்கள். 1913-இல் எட்மண்ட் சல்லிவன் ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு கோட்டோவியம் வரைந்தார். அவற்றில் ரோஜாக்கள் சூடிய எலும்புக்கூடு 1966-இல் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் சுவரொட்டியில் ஏறி, மூலத்தைவிடப் பிரபலமானது. எட்மண்ட் டுலாக்கின் 1909 பதிப்பிலோ வண்ணப் படங்கள் 20 மட்டுமே.

நாடகத்துக்குச் சொன்னதை வைத்துப் பார்த்தால் நான் சல்லிவன் பக்கம் நிற்க வேண்டும். நிற்கவில்லை, டுலாக்கைத்தான் சொன்னேன். நாடகத்தில் வசனம் மட்டும்தான் இருக்கிறது. யார் எங்கே நிற்கிறார்கள், என்ன உடை, எவ்வளவு வெளிச்சம் என்பதையெல்லாம் வேறு யாராவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அங்கே படம் பக்கத்திலேயே வேண்டும். நாலு வரிப் பாடல் தன் குடத்தையும் குயவனையும் தானே கொண்டுவந்துவிடுகிறது. ஒவ்வொரு பாடலுக்கும் எதிரே ஒரு படம் நின்றால், வரி மனசுக்குள் இறங்கும் முன் படம் பதில் சொல்லிவிடுகிறது. சல்லிவன் மோசம் என்று பொருளில்லை. தனியே உட்கார்ந்து படங்களை மட்டும் பார்த்தால் அபாரமான கை. டுலாக் சில பாடல்களுக்கு ஒருமுறைதான் தலைகாட்டுகிறார், நீலமான ஒரு இரவோடு. இடையில் கவிதைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. கதை சொல்லும் நீண்ட பாட்டு என்றால் கணக்கு மறுபடி மாறும். கோல்ரிட்ஜ் எழுதிய கிழ மாலுமியின் கதைப்பாட்டுக்கு குஸ்தாவ் டோரே வரைந்த கடலும் பனியும் இல்லாமல் அந்தப் பாட்டை இப்போது என்னால் நினைக்கவே முடியவில்லை.

நாடகத்துக்குத் திரும்புகிறேன். ராபின்சன் என்று முடிவானது. அச்சுப் பிரதி வாங்கும் பணத்தை இப்போதைக்குச் செலவழிக்கவில்லை. பொதுச் சொத்தில் உள்ள ஸ்கேனை எடுத்து, கோட்டோவியப் பக்கங்களைக் கெட்டித் தாளில் அடித்து, ஆறு ஸ்பைரல் பைண்டிங் பிரதிகள் போட்டாகிவிட்டது. நடுவில் ஒன்று என்று தொடங்கியது ஆளுக்கொன்று ஆனது. எதிர்பாராமல் கிடைத்த இந்த வசதியால், புத்தகம் கை மாறும் இடைவெளியும் போயிற்று. 12 வண்ணப் படங்களை மட்டும் சேர்க்கவில்லை, அவை டேப்லெட்டில் இருக்கின்றன.

மிச்சமான பொதுப் பணத்தைக் கொண்டு ராக்கத்தின் நல்ல மறுபதிப்பு ஒன்றைத் தேடச் சொல்லியிருக்கிறார் பாட்டம் வாசிப்பவர். அது வாசிப்பு நேரத்தில் மேஜைக்கு வராது, அலமாரியில் இருக்கும், வாரம் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்பது ஏற்பாடு. முதல் வாரம் யார் எடுத்துப்போவது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு எட்டவில்லை.